ஊடுபால் மக்களின் மனித உரிமைகள்: ஓர் எளிய அறிமுகம்

ஒருவரின் உடல் ஆணா பெண்ணா என்பதை ஏதோ ஓர் உறுப்பு மட்டும் முடிவு செய்துவிடுவதில்லை. குரோமோசோம்கள், இனப்பெருக்கச் சுரப்பிகள், அவை சுரக்கும் ஹார்மோன்கள், அந்த ஹார்மோன்களை உடலின் செல்கள் ஏற்கும் விதம், கருப்பை போன்ற உள்ளுறுப்புகள், வெளியே தெரியும் பிறப்புறுப்பு, பருவ வயதில் தோன்றும் மார்பகம், மீசை, குரல் மாற்றம் எனப் பல கூறுகள் சேர்ந்தே உடலின் பால் உருவாகிறது. பெரும்பாலானவர்களுக்கு இவை அனைத்தும் ஒரே திசையில் அமைந்துவிடுவதால், இவை தனித்தனியானவை என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை. சிலருக்கு இவற்றுள் ஒன்றோ சிலவோ, ஆண் உடல் இப்படித்தான், பெண் உடல் இப்படித்தான் என்று மருத்துவமும் சமூகமும் வகுத்து வைத்திருக்கும் வரையறைக்குள் அடங்காமல் பிறவியிலேயே அமைந்துவிடுகின்றன. அத்தகையோரை ஊடுபால் மக்கள் என்கிறோம். இடைப்பாலினத்தவர், இடையிலிங்கத்தவர் என்ற பெயர்களும் வழக்கில் உள்ளன.

கரு வளரும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது ஏன் நேர்கிறது என்பது விளங்கிவிடும். முதல் ஆறு வாரங்கள் வரை எல்லாக் கருக்களும் ஒன்றுபோலவே வளர்கின்றன. விந்தகமாகவோ சினைப்பையாகவோ மாறக்கூடிய பொதுவான சுரப்பிகளும், ஆணின் உள்ளுறுப்புகளாகக்கூடிய குழாய்கள், பெண்ணின் உள்ளுறுப்புகளாகக்கூடிய குழாய்கள் ஆகிய இரண்டும் ஒவ்வொரு கருவிலும் இருக்கின்றன. ஆண்குறியும், பெண்ணின் வெளிப் பிறப்புறுப்பில் அதற்கு இணையான சிறு உறுப்பான கிளிட்டோரிஸும் ஒரே சிறு மொட்டிலிருந்துதான் வளர்கின்றன. அதன் பிறகு, வழக்கமாக ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்ஆர்ஒய் என்ற மரபணு செயல்படத் தொடங்கினால் பொதுச் சுரப்பி விந்தகமாகிறது. விந்தகம் சுரக்கும் ஹார்மோன்கள் மற்ற மாற்றங்களை ஒவ்வொன்றாக நிகழ்த்துகின்றன. 1990-ஆம் ஆண்டில்தான் இந்த மரபணு கண்டறியப்பட்டது. இத்தனை படிகள் உள்ள ஒரு வளர்ச்சியில் எந்தப் படியிலும் ஒரு மாறுபாடு நேரலாம் என்பதால், ஊடுபால் தன்மை என்பது ஒரே ஒரு நிலையைக் குறிப்பதில்லை. ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்ட பல உடல் அமைப்புகளுக்கு அது பொதுப்பெயர்.

ஆண்ட்ரோஜன் உணர்வின்மை என்ற நிலையை எடுத்துக்கொள்வோம். டெஸ்டோஸ்டீரோன் போன்று ஆண் உடற்கூறுகளை வளர்க்கும் ஹார்மோன்களே ஆண்ட்ரோஜன்கள். இதில் குரோமோசோம்கள் எக்ஸ்ஒய், அதாவது வழக்கமாக ஆண்களுக்கு இருப்பவை. உடலுக்குள் விந்தகங்கள் உண்டு. அவை டெஸ்டோஸ்டீரோனையும் சுரக்கின்றன. ஆனால் அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ள வேண்டிய ஏற்பிகள் செல்களில் வேலை செய்வதில்லை. இந்த உணர்வின்மை முழுமையாக இருந்தால், குழந்தை வெளித்தோற்றத்தில் பெண்ணாகவே பிறக்கிறது, பெண்ணாகவே வளர்கிறது, பருவ வயதில் மார்பகமும் வளர்கிறது; மாதவிடாய் வராததால் மருத்துவரைப் பார்க்கும்போதுதான் பலருக்கு விவரமே தெரிய வருகிறது. இதற்கு வேறுபட்டது பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி. வழக்கமாகப் பெண்களுக்கு இருக்கும் எக்ஸ்எக்ஸ் குரோமோசோம்களும் சினைப்பையும் கருப்பையும் உள்ள கருவில், சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி ஆண்ட்ரோஜன்களை அளவுக்கு மீறிச் சுரப்பதால், வெளிப் பிறப்புறுப்பு ஆணுடையதைப் போலவோ இரண்டுக்கும் இடைப்பட்டதாகவோ அமையலாம். மற்றொரு நிலையில், டெஸ்டோஸ்டீரோனை வலிமையான வேறொரு ஹார்மோனாக மாற்றும் நொதி குறைவாக இருப்பதால், பெண்ணைப் போலத் தோன்றிப் பிறந்த குழந்தைக்குப் பருவ வயதில் குரல் தடித்து, தசைகள் வளர்ந்து, உடல் ஆணுடல் போல மாறுகிறது. எக்ஸ்எக்ஸ்ஒய் குரோமோசோம்களோடு பிறப்பவர்கள், ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோமோடு பிறப்பவர்கள், உடலின் ஒரு பகுதிச் செல்களில் ஒரு வகையும் மறு பகுதியில் வேறு வகையுமாகக் குரோமோசோம் அமைந்தவர்கள் என இந்த வரிசை நீள்கிறது. பிறக்கும்போதே தெரிவதும் உண்டு, குழந்தைப்பேறு இல்லாத காரணத்தைத் தேடும்போது தெரிவதும் உண்டு, வாழ்நாள் முழுவதும் தெரியாமலே போவதும் உண்டு.

இவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை அலுவலகம் தரும் மதிப்பீடு, மக்கள்தொகையில் 0.05 முதல் 1.7 விழுக்காடு வரை என்பது. இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணம், எந்தெந்த நிலைகளைக் கணக்கில் சேர்ப்பது என்பதில் ஆய்வாளர்களுக்குள் உள்ள கருத்து வேறுபாடு. பிறந்தவுடன் ஆணா பெண்ணா என்று மருத்துவர்கள் தயங்கும் அளவுக்கு வெளித்தோற்றம் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் எண்ணிக்கை மிகச் சிறியது. பின்னாளில் தெரியவரும் எல்லா மாறுபாடுகளையும் சேர்த்தால் அது பெரியது. எண்ணிக்கை எதுவானாலும் உரிமையின் அளவு அதனால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்பதால் இந்தச் சர்ச்சையில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை.

ஒரு குழப்பத்தை மட்டும் தொடக்கத்திலேயே நீக்கிவிட வேண்டும். ஊடுபால் தன்மை உடலின் அமைப்பைப் பற்றியது. ஒருவர் தம்மை ஆணாக, பெண்ணாக, அல்லது வேறு பாலினமாக உள்ளத்தில் உணர்வது பாலின அடையாளம். யாரிடம் ஈர்ப்பு ஏற்படுகிறது என்பது பாலீர்ப்பு. திருநங்கையரும் திருநம்பியரும், பிறப்பில் தங்களுக்குக் குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து வேறுபட்ட பாலினமாகத் தங்களை உணர்பவர்கள். அவர்களில் பெரும்பாலோரின் உடல் ஊடுபால் உடல் இல்லை. அதேபோல் ஊடுபால் மக்களில் மிகப் பலர் தங்களை ஆண் என்றோ பெண் என்றோ எந்தத் தயக்கமும் இல்லாமல் கருதுபவர்கள். சிலர் திருநராகவும் இருக்கலாம், தன்பாலீர்ப்பு உடையவராகவும் இருக்கலாம், மற்ற எல்லா மனிதர்களையும் போலவே. இந்த வேறுபாடு தெரியாமல் இயற்றப்படும் சட்டங்கள் நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டாலும் இவர்களுக்கு உதவாமல் போகின்றன. இந்தியாவில் 2019-இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், ஊடுபால் மாறுபாடு உடையவர்களையும் திருநர் என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே அடக்கியது. பாலின அடையாளச் சான்றிதழ் பெறும் வழி அதில் விரிவாக இருந்தது, ஆனால் ஊடுபால் குழந்தைகளுக்கு மிகவும் தேவையான பாதுகாப்பு, அதாவது இசைவின்றிச் செய்யப்படும் அறுவை சிகிச்சையிலிருந்து காப்பு, அதில் இடம்பெறவில்லை என்ற குறையை ஊடுபால் செயற்பாட்டாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

அறுவை சிகிச்சை எப்படி வழக்கமாயிற்று

1950-களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய உளவியலாளர் ஜான் மணியும் அவருடைய குழுவினரும் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். குழந்தை தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்வது பெரும்பாலும் வளர்ப்பைப் பொறுத்தது. எனவே முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு பாலினத்தைத் தேர்ந்து, அதற்கேற்பப் பிறப்புறுப்பை அறுவை சிகிச்சையால் மாற்றி, பெற்றோரும் ஐயமின்றி அவ்வாறே வளர்த்தால் போதும் என்பது அதன் சாரம். உலகின் பல நாடுகளில் குழந்தை மருத்துவம் இதையே பின்பற்றத் தொடங்கியது. இந்தக் கோட்பாட்டுக்குச் சான்றாகக் காட்டப்பட்டவர் டேவிட் ரெய்மர். அவர் ஊடுபால் உடலோடு பிறந்தவர் இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோது முன்தோல் நீக்கச் சிகிச்சையில் நேர்ந்த விபத்தால் ஆண்குறியை இழந்ததால் பெண்ணாக வளர்க்கப்பட்டவர். முயற்சி வெற்றி என்று பல ஆண்டுகள் அறிவிக்கப்பட்டுவந்தது. உண்மையில் அவர் பதின்ம வயதிலேயே பெண்ணாக வாழ மறுத்து ஆணாக வாழத் தொடங்கிவிட்டார் என்பதை 1997-இல் மில்டன் டயமண்ட் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவரும் வெளியிட்டபோதுதான் மருத்துவ உலகம் அறிந்தது. சான்று சரிந்த பிறகும் அதன்மேல் எழுந்த வழக்கம் சரியவில்லை.

அந்த வழக்கத்தின் உட்புறம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரே ஒரு விவரம் போதும். பிறந்த குழந்தையின் குறியை இழுத்துப் பிடித்து அளவுகோலால் அளப்பார்கள். 2.5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஆண்குறியாக ஏற்கத்தக்கது; ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் கிளிட்டோரிஸாக ஏற்கத்தக்கது; இடைப்பட்டது எதுவோ அது திருத்தப்பட வேண்டியது. இந்த எல்லைக்கோடுகளுக்கும் குழந்தையின் உடல்நலத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிறர் பார்வைக்கு எப்படித் தோன்றும், எதிர்காலத்தில் திருமண உறவுக்கு ஏற்றதாக இருக்குமா என்ற கவலைகளே அவற்றின் பின்னால் இருந்தன. ஒரு சமூகத்தின் சங்கடம் ஒரு கைக்குழந்தையின் நோயாகப் பெயர் மாற்றப்பட்டது என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

கிளிட்டோரிஸைக் குறைத்தல், பெண்ணின் பிறப்புறுப்பு வழியை உருவாக்குதல், சிறுநீர்த் துளையை ஆண்குறியின் நுனிக்குக் கொண்டுவருதல், இனப்பெருக்கச் சுரப்பிகளை அகற்றுதல் ஆகியவை இவ்வாறு செய்யப்படும் முக்கியச் சிகிச்சைகள். இவற்றின் விளைவுகள் அறுவை அரங்கோடு முடிவதில்லை. நரம்புகள் சேதமடைந்தால் உணர்ச்சி குறையும், தழும்புகள் வலிக்கும், ஒரு சிகிச்சை சரியாக அமையாமல் மறுபடி மறுபடி செய்யவேண்டி வரும், உருவாக்கப்பட்ட வழி சுருங்கிவிடாமல் இருக்கச் சிறு வயதிலேயே அதை விரித்துக்கொண்டே இருக்கவேண்டி வரும். சுரப்பிகள் அகற்றப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் ஹார்மோன் மருந்துகளை நம்பி வாழவேண்டும். அவை முறையாகக் கிடைக்காவிட்டால் எலும்புகள் வலுவிழக்கும். பிள்ளை பெறும் வாய்ப்பு இருந்திருந்தால் அதுவும் போய்விடும். இவை எல்லாவற்றையும்விட மேலாக, குறிக்கப்பட்ட பாலினத்தை அந்தக் குழந்தை வளர்ந்தபின் ஏற்காமல் போனால், அகற்றியதைத் திரும்பப் பொருத்த முடியாது.

உடலுக்குச் செய்த தீங்கோடு உண்மையை மறைத்த தீங்கும் சேர்ந்துகொண்டது. விந்தகங்கள் அகற்றப்பட்ட பெண்களிடம் சினைப்பையில் கோளாறு இருந்தது, புற்றுநோய் வரும்போல் இருந்தது என்று சொல்லப்பட்டது. பெற்றோருக்கோ, இதை யாரிடமும் பேசாதீர்கள் என்பதே அறிவுரை. அடிக்கடி ஏன் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுகிறோம், தன் உடலைப் பார்க்க ஏன் இத்தனை மருத்துவ மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று தெரியாமலே வளர்ந்த குழந்தைகள், தங்களிடம் சொல்லவே கூடாத அளவுக்கு வெட்கக்கேடான ஏதோ ஒன்று இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். அறுவை சிகிச்சையைவிட இந்த மறைப்பே தங்களை அதிகம் வருத்தியது என்று சொல்பவர்களும் உண்டு.

காத்திருக்கக்கூடியது எது, காத்திருக்கக்கூடாதது எது

உரிமைக் கோரிக்கையைச் சிலர் மருத்துவத்துக்கு எதிரான கோரிக்கை என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். ஊடுபால் குழந்தைகளுக்கு மருத்துவம் தேவைப்படும் தருணங்கள் உண்டு. சில தருணங்களில் ஒரு நாள் தாமதமும் ஆபத்தானது. பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சியின் கடுமையான வகையில், குழந்தையின் உடல் உப்பைத் தக்கவைத்துக்கொள்ள முடியாமல் முதல் சில வாரங்களிலேயே நீரிழப்பும், ரத்த ஓட்டம் சரியும் அதிர்ச்சி நிலையும் ஏற்பட்டு உயிர் போகலாம். உடனே ஹார்மோன் மருந்து கொடுத்தே ஆகவேண்டும். சிறுநீர் வெளியேற வழியில்லாமல் இருந்தால் அதைச் சரிசெய்தே ஆகவேண்டும். ஆனால் அதே அட்ரினல் நிலையோடு பிறந்த குழந்தையின் கிளிட்டோரிஸ் சற்றுப் பெரிதாக இருப்பது உயிருக்கு எந்த ஆபத்தும் தராது. முதலாவது மருத்துவ அவசரம். இரண்டாவதில் அவசரப்படுவது சமூகம்.

சுரப்பிகளை அகற்றும் கேள்வியிலும் இந்தப் பிரித்தறிதல் வேண்டும். புற்றுநோய் அபாயம் எல்லா நிலைகளிலும் ஒன்றாக இல்லை. சுரப்பிகள் முழுமையாக வளராமல் ஒய் குரோமோசோமின் பகுதிகளும் இருக்கும் சில நிலைகளில் அபாயம் அதிகம். அங்கே முன்கூட்டியே அகற்றுவதற்கு வலுவான காரணம் உண்டு. முழு ஆண்ட்ரோஜன் உணர்வின்மையில் பருவ வயதுக்கு முன் அபாயம் மிகக் குறைவு. அங்கே சுரப்பிகளைக் கண்காணித்துக்கொண்டு, அந்த நபர் தாமே முடிவெடுக்கும் வயது வரை பொறுத்திருக்க முடியும். பொறுத்திருந்தால் பருவ வளர்ச்சியும் மருந்தின்றித் தானாகவே நிகழும்.

குழந்தையாக இருக்கும்போதே செய்துவிட்டால் நினைவில் இராது, பள்ளியில் கேலிக்கு ஆளாகாது என்று வாதிடும் மருத்துவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிறு வயதில் செய்யப்பட்ட சிகிச்சையில் தங்களுக்கு மனக்குறை இல்லை என்று கூறும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கூற்றை நான் ஐயப்படவில்லை. ஆனால் மனக்குறை உள்ளவர்களுக்கு இழந்ததைத் திரும்பத் தர எந்த மருத்துவத்தாலும் முடியாது, மனநிறைவு பெறக்கூடியவர்களோ பின்னாளில் தாங்களே அதே சிகிச்சையைக் கேட்டுப் பெறமுடியும் என்பதால், எந்தப் பக்கம் தவறினால் இழப்பு மீளாததோ அந்தப் பக்கம் கூடுதல் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவின் தலைமை அறுவை மருத்துவர் என்ற அரசுப் பதவியை முன்பு வகித்த மூவர், 2017-இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கையில், தோற்றத்துக்காகக் குழந்தைகளுக்குச் செய்யப்படும் இத்தகைய சிகிச்சைகளை நிறுத்தி, அவர்கள் தாங்களே முடிவெடுக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதும் இந்தக் காரணத்தால்தான்.

குரல் எழுந்த விதம்

சிகிச்சைக்கு ஆளான குழந்தைகள் பெரியவர்களாகி ஒருவரையொருவர் கண்டுகொண்டபோது நிலைமை மாறத் தொடங்கியது. 1993-இல் அமெரிக்காவில் ஊடுபால் மக்களுக்கான முதல் பெரிய அமைப்பு தொடங்கப்பட்டது. 1996 அக்டோபர் 26 அன்று பாஸ்டன் நகரில் குழந்தை மருத்துவர்களின் மாநாடு நடந்த இடத்துக்கு வெளியே ஊடுபால் செயற்பாட்டாளர்கள் ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள். அந்த நாளே இன்று உலகெங்கும் ஊடுபால் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2013 டிசம்பரில் ஐரோப்பியத் தீவு நாடான மால்டாவில் கூடிய பன்னாட்டு ஊடுபால் மன்றம் தங்கள் கோரிக்கைகளை ஒரே பிரகடனமாக வெளியிட்டது. அதே ஆண்டு, சித்திரவதை குறித்த ஐநா சிறப்பு அறிக்கையாளர் குவான் மெண்டஸ், இசைவின்றிச் செய்யப்படும் இந்தச் சிகிச்சைகளைச் சித்திரவதை, கொடூரமான நடத்தை ஆகியவற்றைத் தடுக்கும் கண்ணோட்டத்திலேயே ஆராய்ந்து, அவற்றை அனுமதிக்கும் சட்டங்களை நீக்குமாறு நாடுகளைக் கேட்டார். 2024 ஏப்ரல் 4 அன்று ஐநா மனித உரிமைகள் மன்றம் ஊடுபால் மக்கள் மீதான பாகுபாடு, வன்முறை, தீங்கான நடைமுறைகள் பற்றித் தனது முதல் தீர்மானத்தை நிறைவேற்றியது: ஆதரவாக 24 வாக்குகள், எதிராக ஒன்றும் இல்லை, 23 நாடுகள் வாக்களிக்கவில்லை.

நாடுகளின் சட்டங்களில் முன்னோடி மால்டா. 2015-இல் அது இயற்றிய சட்டம், சிறுவரின் இசைவின்றிச் சமூகக் காரணங்களுக்காகச் செய்யப்படும் மருத்துவத் தலையீடு சட்டமீறல் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. அதற்கும் முன்பே, 1990-களில் கொலம்பியாவின் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு வரம்பை விதித்திருந்தது: ஐந்து வயதைக் கடந்த குழந்தைக்காகப் பெற்றோர் இத்தகைய இசைவைத் தர முடியாது. இந்தியாவில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் அளித்த தீர்ப்பு, ஒரு திருநங்கையின் திருமணப் பதிவு தொடர்பான வழக்கில் வந்தது, நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அத்தோடு நிறுத்தாமல், ஊடுபால் குழந்தைகளுக்குச் செய்யப்படும் பால் மாற்றுச் சிகிச்சைகளைத் தடைசெய்யுமாறும் அரசுக்கு உத்தரவிட்டார். அதன்படி அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான சூழல்கள் நீங்கலாக அவற்றைத் தடைசெய்து அரசாணை வெளியிட்டது. இந்தியாவில் இதுவே முதல் தடை.

போர்ச்சுகல், ஐஸ்லாந்து, ஜெர்மனி, கிரீஸ், ஸ்பெயின் ஆகியவையும் பின்னர் சட்டம் இயற்றின. எல்லாச் சட்டங்களும் ஒரே வலிமை உடையவை என்று எண்ணிவிடக் கூடாது. ஐஸ்லாந்தின் 2020 சட்டம், சிறுநீர்த் துளை இடம்மாறி அமைந்த குழந்தைகளையும் மிகச் சிறிய ஆண்குறியுடைய குழந்தைகளையும் தடையிலிருந்து விலக்கிவிட்டது. பாதுகாப்பு தேவைப்படுவோரில் பெரும்பகுதியினர் அந்த வாசல் வழியே வெளியே விடப்பட்டார்கள். இதுபோன்ற ஒரு சட்டத்தைப் படிக்கும்போது, யாரைக் காக்கிறது என்பதோடு யாரை விலக்குகிறது என்ற பிரிவையும் தேடிப் படிக்க வேண்டும்.

பதிவேட்டில் ஓர் இடம்

பிறப்புப் பதிவில் மூன்றாவது கட்டம் ஒன்றைச் சேர்த்துவிட்டால் அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது அவ்வளவு எளிதாக இல்லை. ஜெர்மனி 2013-இல், ஆண் என்றோ பெண் என்றோ குறிக்க முடியாத குழந்தைகளுக்கு அந்த இடத்தை வெறுமையாக விடவேண்டும் என்று சட்டம் செய்தது. நோக்கம் நல்லதாகத் தோன்றினாலும், தன் குழந்தையின் பதிவு வெறுமையாக இருந்து ஊரறியத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் பெற்றோரை அறுவை சிகிச்சையை நோக்கியே தள்ளும் என்று ஊடுபால் அமைப்புகள் எச்சரித்தன. 2017-இல் அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம், ஆணோ பெண்ணோ அல்லாதவருக்கு உரிய பதிவை மறுப்பது உரிமை மீறல் என்று தீர்ப்பளித்ததை அடுத்து, 2018 டிசம்பரில் மூன்றாவது வகை ஒன்று பதிவேட்டில் இடம்பெற்றது. பன்னாட்டு ஊடுபால் மன்றத்தின் மால்டா பிரகடனம் கேட்டது நிதானமான வழி: மற்ற எல்லாக் குழந்தைகளையும் போலவே ஊடுபால் குழந்தையையும் ஆண் அல்லது பெண் என்று பதிவு செய்யலாம், ஆனால் அந்தப் பதிவுக்காக உடலில் கை வைக்கக் கூடாது; வளர்ந்தபின் அந்த நபர் விரும்பினால் எளிய நிர்வாக நடைமுறையில், மருத்துவச் சான்று கேட்கப்படாமல், அதை மாற்றிக்கொள்ள முடிய வேண்டும்.

கணக்கெடுப்பிலும் இதே போன்ற ஒரு பாடம் உண்டு. 2019-இல் கென்யா தனது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊடுபால் மக்களைத் தனியாக எண்ணியது. ஆப்பிரிக்காவில் இது முதன்முறை. கிடைத்த எண்ணிக்கை 1,524. நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 4 கோடியே 75 லட்சம்; 0.05 விழுக்காடு என்ற மிகக் குறைந்த மதிப்பீட்டை வைத்தாலும் 23,000-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த அலுவலரிடம் சொல்லத் துணிந்தவர்கள், சொல்லும் அளவுக்குத் தங்கள் உடலைப் பற்றி அறிந்திருந்தவர்கள் மட்டுமே அந்த எண்ணில் இருக்கிறார்கள். ஆனாலும் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு. அரசு தன் கேள்வித்தாளில் ஒரு மக்களின் பெயரை எழுதியது.

விளையாட்டுக் களம்

ஊடுபால் உடல்கள் பொதுவெளியில் மிகக் கடுமையாக விசாரிக்கப்பட்ட இடம் தடகளம். ஸ்பெயினின் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோ 1985-இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்குச் சென்றபோது, முன்பு பெற்றிருந்த பெண் என்ற சான்றிதழை எடுத்துச் செல்ல மறந்துவிட்டார். மீண்டும் செய்த சோதனையில் எக்ஸ்ஒய் என்று வந்தது. அவருக்கு ஆண்ட்ரோஜன் உணர்வின்மை. டெஸ்டோஸ்டீரோன் அவருடைய தசைகளுக்கு எந்த வலிமையையும் தரவில்லை, தரவும் முடியாது. காயம் பட்டதாகச் சொல்லி அமைதியாக விலகிவிடு என்று சொன்னார்கள். அவர் மறுத்து, அடுத்த தேசியப் போட்டியில் ஓடி வென்றார். செய்தி பத்திரிகைகளுக்குக் கசிந்தது. பதக்கங்களும் உதவித்தொகையும் பறிபோயின, மணம் செய்யவிருந்தவரும் விலகினார். மூன்று ஆண்டுகள் போராடி, 1988-இல் போட்டியிடும் உரிமையை மீட்டார்.

2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து பால் சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமன்யா, ஹார்மோன் அளவை மருந்தால் குறைத்துக்கொண்டால்தான் ஓடலாம் என்ற உலகத் தடகள அமைப்பின் விதியை எதிர்த்தார். 2019-இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம், விதி பாகுபாடானதுதான் என்று ஏற்றுக்கொண்டே, அது தேவையானது என்றும் தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேரவை எனப்படும் பெரிய அமர்வு, அவருக்கு நியாயமான விசாரணை மறுக்கப்பட்டது என்று கூறியது. பாகுபாடு பற்றிய கேள்விக்குள் அது செல்லவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு, பெண்கள் பிரிவில் பங்கேற்போருக்கு எஸ்ஆர்ஒய் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பெண்கள் பிரிவில் நேர்மையான போட்டி வேண்டும் என்ற கவலை பொய்யானதில்லை. ஆனால் ஆரோக்கியமான ஒருவர், விளையாடுவதற்காக மட்டும், தனக்குத் தேவையில்லாத மருந்தை உட்கொள்ள வேண்டும் என்பதும், ஒருவரின் மரபணு விவரம் அவருக்கே தெரியுமுன் அதிகாரிகளுக்குத் தெரிவதும் அந்தக் கவலைக்குச் சரியான விடை ஆகாது.

வீடும் பள்ளியும்

சட்டம் எட்டாத இடங்களில்தான் பெரும்பகுதி வாழ்க்கை நடக்கிறது. பிரசவ அறையில் மருத்துவர் முதலில் பயன்படுத்தும் சொற்கள் பெற்றோரின் மனத்தில் பல ஆண்டுகள் தங்கிவிடுகின்றன. குறைபாடு, ஊனம், சரிசெய்ய வேண்டியது என்ற சொற்களைக் கேட்ட பெற்றோர் கையெழுத்திட விரைகிறார்கள். குழந்தை நலமாக இருக்கிறது, உடலமைப்பில் ஒரு மாறுபாடு இருக்கிறது, முடிவெடுக்க நேரம் இருக்கிறது என்று கேட்ட பெற்றோர் கேள்வி கேட்கிறார்கள். இதே நிலையில் பிள்ளைகளை வளர்த்த வேறு குடும்பங்களோடு அவர்களைப் பேசவைப்பது, எந்த மருத்துவக் குறிப்பேட்டையும்விடப் பயனுள்ளது. குழந்தைக்கும் வயதுக்கேற்ற சொற்களில் உண்மையைச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். ஒரே நாளில் உட்காரவைத்துச் சொல்லி முடிக்கும் செய்தியாக இது இருக்கக் கூடாது. பள்ளியின் உயிரியல் பாடம் எக்ஸ்எக்ஸ் என்றால் பெண், எக்ஸ்ஒய் என்றால் ஆண் என்ற ஒற்றை வரியோடு முடியாமல், மற்ற அமைப்புகளும் உண்டு என்ற இன்னொரு வரியையும் சேர்த்துக்கொண்டால், வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவர் தன்னைப் பாடப்புத்தகத்திலேயே பார்க்க முடியும்.

இனி நேரக்கூடாது என்று சட்டம் செய்வது ஒரு பாதி. ஏற்கெனவே நேர்ந்ததற்கு நீதி வழங்குவது மறு பாதி. இந்தப் பாதியில் நாடுகள் மிகப் பின்தங்கியுள்ளன. ஜெர்மனியில் ஆணாக வளர்க்கப்பட்ட கிறிஸ்டியானே ஃபோலிங்குக்கு 1977-இல், பதினெட்டு வயதில், கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. அவருடைய குரோமோசோம்கள் எக்ஸ்எக்ஸ் என்பதும், அகற்றப்படுபவை எவை என்பதும் அவருக்கு உரிய முறையில் விளக்கப்படவில்லை. அவர் தொடுத்த வழக்கில் கொலோன் நகர நீதிமன்றம் 2008-இல் அறுவை மருத்துவரைப் பொறுப்பாளி என்று தீர்மானித்து, அடுத்த ஆண்டு ஒரு லட்சம் யூரோ இழப்பீடு வழங்கியது. இத்தகைய வெற்றி மிக அரிது. குழந்தைப் பருவத்தில் நடந்ததை ஒருவர் அறிந்துகொள்ளும்போது வழக்குத் தொடுக்கும் காலவரம்பு பெரும்பாலும் முடிந்திருக்கும். மருத்துவமனையும் பழைய ஆவணங்களை அழித்திருக்கும். இதை உணர்ந்துதான் ஜெர்மனியின் 2021 சட்டம், இத்தகைய சிகிச்சை பெற்ற குழந்தையின் மருத்துவ ஆவணங்களை அந்த நபருக்கு 48 வயது நிறையும் வரை பாதுகாக்க வேண்டும் என்று விதித்துள்ளது. மற்ற நாடுகளின் சட்டங்களிலும் இந்த ஒரு பிரிவு இடம்பெற வேண்டும். தன் உடலுக்கு என்ன செய்யப்பட்டது என்று கேட்டு வரும் ஒருவருக்குக் கொடுப்பதற்கு அந்தக் கோப்பாவது மிஞ்சியிருக்கும்.